ரத்தம் பார்த்து ஊதும் விசில்

அத்தியாயம் 6

“ஒலகத்துல எல்லா ரெஃப்ரியும் ஆட்டத்தைப் பாத்து விசில் ஊதுவாங்க மேடம். நம்ம ஆரூரன் மாஸ்டர் நெறத்தைப் பாத்து ஊதுறாரு. செவப்பு தெரிஞ்சாத்தான் அவருக்குக் கண்ணு, காது, வாய் எல்லாம் வேல செய்யுது.”

புவனேந்திரன் இதைச் சொல்லிவிட்டு ஆட்டோவைப் பாடசாலை மதிலோரம் நிறுத்தினான். பின் ஆசனத்தில் இருந்த மயூரி சிரிக்கவில்லை. காலை பத்து மணிக்கு முன் இவன் சொல்லும் பகிடிகளுக்குச் சிரிப்பதில்லை என்று அவள் ஒரு விதி வைத்திருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரியான மயூரி, காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பத்து வருடம் பொய் விபத்துகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது பதுளையில் ஒரு மருந்துக்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறாள். புவனேந்திரன் அவளுடைய ஒரே உதவியாளன், ஒரே சாரதி, ஒரே தலைவலி.

“நாலு மணிக்கு விசாரணை. அதை ஞாபகம் வச்சுக்கொண்டு கதையும்” என்றாள் மயூரி.

ஞாபகம் இல்லாமலா? ஐந்து நாளாக அவன் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை நமுனுகுல தோட்டத்து மைதானத்தில் ஊவா புரொஃபெஷனல் லீக்கின் அரையிறுதி. சம்பளத்துக்கு ஆடுகிற இரண்டு அணிகள்: நமுனுகுல ரேஞ்சர்ஸ், பதுளை ஃபால்கன்ஸ். எண்பத்தோராம் நிமிடத்தில் ஃபால்கன்ஸ் முன்வரிசை ஆட்டக்காரன் நப்ரீஸ் கோல் பக்கம் பாய, ரேஞ்சர்ஸின் லோகேஸ்வரன் குறுக்கே காலை விட்டான். நப்ரீஸ் விழுந்தான். அவனுடைய கெண்டைக்காலில் இருந்து ரத்தம் கொட்டியது. ஆரூரன் ரெட் கார்டைத் தூக்கினார், பெனால்டி கொடுத்தார், ஆட்டம் போயிற்று. அதோடு விட்டாரா? ‘வேண்டுமென்றே பூட்ஸ் ஆணியால் மிதித்தான்’ என்று அறிக்கையும் எழுதினார். லோகேஸுக்கு இரண்டு வருடத் தடை.

லோகேஸுக்கு இருபத்திரண்டு வயது. மாலைதீவில் ஒரு கழகம் அவனை எடுத்திருந்தது. அடுத்த புதன்கிழமை விமானம். இன்று நான்கு மணிக்குத் தடை உறுதியானால் அவனுக்கு விமானமும் இல்லை, விளையாட்டும் இல்லை. நேராகத் தேயிலை மலைக்குப் போய்ச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்க வேண்டியதுதான். “நான் மிதிக்கலண்ணே” என்று அவன் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து அழுததைப் புவனேந்திரனால் மறக்க முடியவில்லை.

அன்றைக்கு மயூரியோடு வேறு வேலையாகப் பண்டாரவளைக்குப் போயிருந்ததால் அவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் ஒரு போட்டோ அவன் போன் திரையில் இருந்தது. காயப்பட்ட நப்ரீஸை முதுகில் சுமந்து நடக்கும் ரேஞ்சர்ஸ் கேப்டன் விஜேந்திரன். எதிரணிக்காரனைச் சுமந்த பெருந்தன்மைக்காக லீக் இன்றைக்கு அவனுக்கு ஒரு கேடயம் கொடுக்கப்போகிறது. விஜேந்திரன் புவனேந்திரனுடைய கூடப்பிறந்த தம்பி. இதை அவன் கேட்டவர்களுக்கும் சொன்னான், கேட்காதவர்களுக்கும் சொன்னான்.

அந்தப் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியரான ஆரூரன் விளையாட்டு அறையில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மயூரியைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார்.

“வாங்கோ, இருங்கோ. ஆனா எழுதினதை நான் மாத்தமாட்டன்.”

“மாத்தச் சொல்லி வரேல்லை மாஸ்டர். இருபத்தேழாம் நிமிஷத்தைப் பற்றிக் கேக்க வந்தனாங்கள். ஃபால்கன்ஸ் பெடியன் ஒருத்தன் இதே லோகேஸின்ர முழங்காலில உதைச்சவன். நீங்கள் தொடர்ந்து ஆடச் சொல்லிக் கை காட்டினீங்கள்.”

“ரத்தம் வந்ததோ?”

“முழங்கால் வீங்கினது.”

“வீக்கம் வீட்டை போய்த்தான் வரும். விசில் அந்த இடத்தில ஊத வேணும்.”

புவனேந்திரனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. “அப்ப லைன்ஸ்மேன் எதுக்குங்க சார்? ஒரு நர்ஸ நிறுத்தினா போதுமே.”

ஆரூரன் பம்பைக் கீழே வைத்தார். அவருடைய முகத்தில் கோபத்தைவிடச் சலிப்புத்தான் இருந்தது.

“தம்பி, இந்த லீக்கில தொடமுதலே விழுறாங்கள். விழுந்து உருண்டு, முகத்தைப் பொத்தி, விசில் கேட்ட உடனே எழும்பி ஓடுறாங்கள். பத்து வருஷம் நான் ஏமாந்தன். ஏமாந்து ஏமாந்து கடைசியா ஒண்டைப் பிடிச்சன். ரத்தம் நடிக்காது. கண்டால் ரெட் கார்ட், காணாட்டி ஆட்டம் தொடரும். என்னில பிழையெண்டால் என்னை அப்பிடி ஆக்கினவங்களிட்டப் போய்க் கேளும்.”

“சரி மாஸ்டர். ஆனா ரெண்டு வருஷத் தடைக்கு உங்கட அறிக்கை மட்டும் காணாதே?” என்றாள் மயூரி. “ஆறு மாதத்துக்கு மேல தடையெண்டால் காயத்தைக் கிட்ட இருந்து பார்த்த சாட்சி ஒண்டும் வேணும். லீக் விதி வாசிச்சனான்.”

“இருக்கு. எழுத்தில, கையெழுத்தோட. ‘பூட்ஸ் ஆணி இறங்கின காயம்’ எண்டு.”

“ஃபால்கன்ஸ் ஆளோ?”

ஆரூரன் முதல் தடவையாகச் சிரித்தார். “அதுதான் விசேஷம். உங்கட ரேஞ்சர்ஸ் பக்கத்து ஆள். பேர் இருக்கிற கடிதத்தை விசாரணையிலதான் திறப்பினம். அதுக்கு மேல என்னட்டக் கேளாதேங்கோ.”

ஆட்டோவுக்குத் திரும்பும்போது புவனேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். “நம்ம ஆளா! நம்ம சோத்தைத் தின்னுட்டு நம்ம பயலையே காட்டிக் குடுத்திருக்கானா? மேடம், அந்தப் பேரு மட்டும் கெடைக்கட்டும். அவன ஆட்டோ பின்னால கட்டி நமுனுகுல வரைக்கும் இழுத்துட்டுப் போறேன். ஏத்தத்துல பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகும், பரவாயில்ல.”

“முதல்ல உம்மட தம்பிக்குப் போன் எடும். கேப்டனுக்குத் தெரியாமல் அவங்கட ஆள் எழுதியிருக்கமாட்டான்.”

புவனேந்திரன் ஸ்பீக்கரைப் போட்டான்.

“யாருன்னு எனக்கு எப்பிடிண்ணே தெரியும்?” என்றது விஜேந்திரனின் குரல். “முப்பது பேரு சுத்தி நின்னாங்க. நீ எதுக்கு இதுல மெனக்கெடுற? லோகேசு நம்ம பயதான், நான் இல்லங்கல. ஆனா காயம் நல்ல ஆழம்ணே. மன்னிப்புக் கேட்டான்னா ரெண்டு வருசம் ஒண்ணாக் கொறையும். நானே எழும்பிப் பேசறேன்.”

“பேசுடா ராசா. ஒன் பேச்ச யாரு தட்டப் போறா? கேடயத்தை வாங்கிட்டு ஒரு போட்டோ அனுப்பு.”

போனை வைத்தபோது அவன் மனம் நிறைந்திருந்தது. மயூரி தன் குறிப்புப் புத்தகத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதி, அதன் கீழே கோடு போட்டாள். என்ன என்று கேட்டான். “ஒண்டுமில்லை. நப்ரீஸின்ர கடைக்கு விடும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்துதான் கடை திறக்கும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். இருவரும் ஒரு ஹோட்டலில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஒன்றே முக்கால் வரை உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் புவனேந்திரன் துரோகியின் பேரை ஒன்பது தடவை ஊகித்து, ஒன்பது விதமான தண்டனை கொடுத்து முடித்திருந்தான்.

நப்ரீஸின் கடை பஜார் வீதியில் இருந்தது. போன் பழுதுபார்க்கும் இடம். உள்ளே போனபோது அவன் காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, போன் கழற்றும் மெல்லிய ஸ்குரூட்ரைவரைக் கட்டுத் துணிக்குள் விட்டுக் கண்ணை மூடியபடி சொறிந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரிக்குள், கோப்பைகளுக்கு நடுவில், ரத்தம் காய்ந்த ஒரு சொக்ஸ் தொங்கியது.

“அது எங்கள பைனலுக்குக் கொண்டுபோன சொக்ஸ் மிஸ். கழுவ விடல்ல” என்றான் நப்ரீஸ் பெருமையாக.

“காலில வலி எப்பிடி?”

“வலி இல்ல மிஸ். அரிப்புத்தான். அஞ்சு நாளா ஒறக்கமே இல்ல.”

மயூரி சொக்ஸை வாங்கினாள். கையை உள்ளே விட்டு வெளிச்சத்தில் விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைப் புவனேந்திரனிடம் நீட்டினாள்.

“ஓட்டை எங்க புவன்?”

அவன் தேடினான். ரத்தம் இருந்தது, ஓட்டை இல்லை. ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை.

“ஆணி தோலுக்குள்ள இறங்க முதல் சொக்ஸைத் தாண்ட வேணும். இந்த ஆணி சொக்ஸிட்ட அனுமதி கேட்டுக் கும்பிட்டுப் போயிருக்கு போல” என்றாள் மயூரி. மணி பத்தைத் தாண்டிவிட்டதால் அவளுக்கும் பகிடி வந்தது. “நப்ரீஸ், உண்மையைச் சொல்லும். லோகேஸின்ர கால் உம்மில பட்டதோ?”

நப்ரீஸ் வாசலைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். “பட்டது. மெதுவாத்தான். பெனால்டி எடுக்கணும்னு நான் உருண்டேன். அது எல்லாரும் செய்யுறதுதானே? எழும்பப் போறப்ப கீழ பாத்தேன். ரத்தம். அதுக்குப் பொறகு அழுதது நடிப்பில்ல மிஸ், அல்லா அறிய மெய்யா அழுதேன்.”

புவனேந்திரன் அவன் காலில் இருந்த கட்டுத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அரிக்கிற காயம். சொக்ஸ் கிழியாமல் கொட்டுகிற ரத்தம். தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் அது இந்நேரம் விளங்கியிருக்க வேண்டும். தன் மண்டையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

“தம்பி, அன்னிக்கு மழை தூறிச்சா?”

“காலையில இருந்து.”

“ஆட்டத்துக்கு முன்னால லோகேசு ஒங்க ரூமுக்கு வந்து சவுக்காரக் கட்டி குடுத்திருப்பானே?”

நப்ரீஸின் முகம் கறுத்தது. “ஓ, குடுத்தான். துணி கழுவுற சவுக்காரம். எங்கள நாறுதுன்னு பகிடி பண்றான்னு நெனச்சு நாங்க அத வெளிய வீசிட்டோம்.”

புவனேந்திரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அட, அது மரியாதைடா! மத்த ஊருல வாற டீமுக்குக் கொடி குடுப்பாங்க. எங்க மைதானத்துல சவுக்காரம் குடுப்போம். கால்ல தேச்சுக்கிட்டு எறங்கலன்னா புல்லுல இருக்கிற அட்டைக்கு நீதான் மத்தியானச் சாப்பாடு. மேடம், இவன் தேய்க்கல. அட்டை சொக்சுக்குள்ள ஏறி, ஒண்ணரை மணி நேரம் குடிச்சு உருண்டு கெடந்திருக்கு. லோகேசு கால் பட்டதும் அது நசுங்கிருச்சு. அவ்வளவுதான் கதை. ரெஃப்ரி ரெட் கார்டு குடுத்தது அட்டை குடிச்ச ரத்தத்துக்கு!”

“கட்டைப் பிரிக்கலாமோ?” என்று கேட்ட மயூரி, பதிலுக்குக் காத்திராமல் போனில் வீடியோவைத் தொடங்கினாள்.

“ஏழு நாள் பிரிக்க வேணாம், காத்துப் பட்டா சீழ் பிடிக்கும்னு சொன்னாங்க. நானும் ஊசிக்குப் பயந்து டாக்டர்ட்டப் போகல்ல” என்று நப்ரீஸ் இழுத்தான். ஆனால் அரிப்பு அவனை அதற்கு மேல் பேசவிடவில்லை. தானே பிரித்தான்.

கிழிசலும் இல்லை, வெட்டும் இல்லை. கெண்டைக்காலில் மிளகளவு ஒரு புள்ளி. அதைச் சுற்றி வட்டமாக வெள்ளையாய் ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

“இது என்ன பவுடரோ?” மயூரி குனிந்தாள்.

“பவுடரா! மேடம், இதுதான் கையெழுத்து.” புவனேந்திரன் துள்ளினான். “சுண்ணாம்பு. அட்டை கடிச்ச எடத்துல ரத்தம் லேசுல நிக்காது. சுண்ணாம்பு ஒரு பொட்டு வச்சு அமுக்குவோம். எங்க லயத்து வீடுகள்ல நடக்கப் பழகுற புள்ளைக்கும் தெரியும். மைதானத்துக் கோடு எதால போட்டிருக்கு? சுண்ணாம்பாலதான். கட்டுனவன் தோட்டத்து ஆளு. சொக்ஸைக் கழட்டுனதும் நசுங்குன அட்டையப் பாத்திருக்கான். பாத்ததும் கை தானாப் போயிக் கோட்டுச் சுண்ணாம்பைத் தொட்டு வச்சிருக்கு. வேற காயத்துக்கு எவனும் சுண்ணாம்பு வைக்கமாட்டான். அட்டைன்னு தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு, ஆணி குத்துச்சுன்னு எழுதியும் குடுத்திருக்கான் சண்டாளன். சொல்லு தம்பி, ஒனக்குக் கட்டுப் போட்ட அந்த நல்லவன் யாரு?”

நப்ரீஸ் விளங்காமல் பார்த்தான். “என்ன அண்ணன் இப்பிடிக் கேக்குறீங்க? ஒங்க தம்பிதானே. ‘ஏழு நாள் பிரிக்காத’ன்னு சொன்னதும் அவருதான். சொக்ஸைக் கழட்டி, கட்டி, பொறகுதான் முதுகுல தூக்கினாரு.”

கடைக்குள் ஏதோ ஒரு போன் அடித்து ஓய்ந்தது. புவனேந்திரன் தன் போனை எடுத்துத் திரையைப் பார்த்தான். முதுகில் நப்ரீஸ். தொங்கும் காலில் வெள்ளைக் கட்டு. ஐந்து நாளாக நாளுக்கு நூறு தடவை பார்த்த போட்டோ. தம்பியின் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறான், கட்டைப் பார்த்ததில்லை.

“மாலைதீவுக்காரங்கள் ரெண்டு பேரைப் பார்த்தவங்கள்” என்றாள் மயூரி மெதுவாக. “லோகேஸ் வராட்டி அடுத்தது விஜேந்திரன்.”

“ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?”

அவள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். காலையில் கோடு போட்ட அந்தச் சொல்: ‘ஆழம்.’

“கட்டுக்குள்ள இருந்த காயம் ஆழமெண்டு போனில சொன்னவர். கட்ட முதல் பார்த்த ஆள்தான் அப்பிடிச் சொல்லலாம். சந்தேகம்தான் புவன். நிச்சயமில்லாமல் ஒருத்தரின்ர தம்பியைப் பற்றி எப்பிடிச் சொல்லுறது?”

“அதுக்கு, காலையில இருந்து நான் அவன ஆட்டோல கட்டி இழுக்கிறேன்னு பேசப் பேசக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?”

அவள் புத்தகத்தை மூடினாள். அவனுக்கு அவள்மீதும் ஆத்திரம் வந்தது. யாரைத்தான் நம்புவது என்று நெஞ்சு கசந்தது. நப்ரீஸ் மட்டும் தன் கவலையில் இருந்தான். “மிஸ், நான் வந்து சொல்லுறேன். ஆனா பைனல் எங்களுக்கு இல்லாமப் போகாதே?” என்று கேட்டான். ஆட்டத்தின் முடிவு மாறாது என்று மயூரி சொன்ன பிறகுதான் செருப்பை மாட்டினான்.

மூன்றே முக்காலுக்கு லீக் மண்டபத்தின் வராந்தாவில் லோகேஸ் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு நின்றான். கேப்டன் அவன் தோளில் கை போட்டிருந்தான்.

“அண்ணே, கேப்டன் எனக்காகப் பேசறேன்னு சொல்லியிருக்காரு” என்றான் லோகேஸ். ஐந்து நாளில் முதல் தடவையாக அவன் முகத்தில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

புவனேந்திரன் தம்பியைத் தனியே தண்ணீர்க் குழாயடிக்கு அழைத்துப் போனான்.

“சுண்ணாம்பு எங்க எடுத்த?”

விஜேந்திரன் அவனைப் பார்த்தான். பிறகு அவனுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்த நப்ரீஸைப் பார்த்தான். பொய் சொல்லலாமா என்று அவன் யோசித்தது அண்ணனுக்கு நன்றாகத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து பார்த்த முகம்.

“கோட்டுல இருந்துதான்” என்றான் கடைசியில். “கை தானாப் போயிருச்சுண்ணே. வச்ச பொறகுதான் யோசிச்சேன்.”

“என்னத்த யோசிச்ச?”

“எனக்கு இருவத்தொம்போது. அவனுக்கு இருவத்திரெண்டு. அவனுக்கு இன்னும் நாலு கழகம் வரும். எனக்கு இதுதான் கடைசி. நான் என்ன அவன உதைச்சேனா? விசில் ஊதுனது நானா? ரெட் கார்டு தூக்குனது நானா? அந்த மனுசன் செஞ்ச தப்ப நான் திருத்தல, அவ்வளவுதானே?”

“கையெழுத்து?”

விஜேந்திரன் குழாயைத் திறந்தான், மூடினான்.

“ஒங்க மேடம் சொன்னா எடுபடாதுண்ணே. அவங்க வெளியூரு. தோட்டத்து ஆளு ஒருத்தன் எழும்பிச் சுண்ணாம்பு எதுக்குன்னு சொன்னாத்தான் அங்க நிக்கும். நீ சொல்லமாட்ட. எனக்குத் தெரியும், நீ சொல்லமாட்ட. நம்ம அம்மாவ நெனைச்சுப் பாரு.”

அந்த நேரத்தில் புவனேந்திரனுக்கு ஒரு பகிடியும் வரவில்லை. தம்பி செய்ததைவிட, தானும் அதையே செய்வேன் என்று தம்பி இவ்வளவு உறுதியாக நம்பியதுதான் அவனை எரித்தது. அதைவிட எரித்தது, ஒரு நிமிடம் தனக்கும் அப்படித் தோன்றியது. சும்மா இருந்தால் போதும். தனக்கு உடம்பு சரியில்லை என்றோ, ஆட்டோ பழுது என்றோ சொல்லிவிட்டு வெளியே நின்றால் போதும். தம்பி மாலைதீவுக்குப் போவான், அம்மா லயமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். லோகேஸ் கத்தியோடு மலைக்குப் போவான்.

உள்ளே பேர் கூப்பிட்டார்கள். கேடயம் மேசையில் மினுங்கியது. விசாரணைக் குழுத் தலைவர் பலீல், கேடயம் கொடுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைத் திறந்தார். ‘பூட்ஸ் ஆணி இறங்கிய காயம். நேரில் கண்டேன். விஜேந்திரன், கேப்டன்.’ அவர் வாசித்து முடித்ததும் லோகேஸ் சுற்றும் முற்றும் பார்த்தான். அதே பேரில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தவன் போலத் தேடினான்.

மயூரி சொக்ஸைக் காட்டினாள், வீடியோவைக் காட்டினாள். நப்ரீஸ் கதிரையில் காலைத் தூக்கி வைத்தான். குழுவில் ஒருவர், “வெள்ளை என்றால் என்ன? ஏதாவது மருந்தாக இருக்கலாமே” என்றார். மயூரி புவனேந்திரனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவன் அவளைப் பிறகு மன்னித்தான்.

அவன் எழுந்தான்.

“நான் மேடத்தோட உதவியாளுங்க. நமுனுகுல தோட்டத்துல பொறந்தவன். அது மருந்து இல்லீங்க, கோட்டுச் சுண்ணாம்பு. அட்டைக் கடிக்கு மட்டுந்தான் நாங்க அத வைப்போம். வச்சவருக்கு அது அட்டைன்னு தெரியும். சொக்ஸுக்குள்ள கெடந்த காயத்துல தானாப் போயிச் சுண்ணாம்பு ஒட்டாதுங்க. வேணும்னா நம்ம பக்கத்து ஆளு யாரையும் கூப்பிட்டுக் கேளுங்க. லோகேசையே கேளுங்க.”

ஆரூரன் இடத்தைவிட்டு எழுந்து வந்தார். நப்ரீஸின் காலுக்கு முன்னால் குந்தி, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, அந்த மிளகளவுப் புள்ளியை நெடுநேரம் பார்த்தார். “நான் ரத்தத்தை மட்டும்தான் பார்த்தனான்” என்றார் யாரையும் பார்க்காமல். “என்ர அறிக்கையை நான் திருப்பி எடுக்கிறன்.”

“கேப்டன், இதை வைத்தது நீங்கள்தானா?” என்று கேட்டார் பலீல்.

விஜேந்திரன் தலையை மட்டும் ஆட்டினான்.

பத்து நிமிடத்தில் முடிந்தது. லோகேஸின் தடை நீக்கம். விஜேந்திரன்மேல் தனி விசாரணை. புதன்கிழமை விமானத்தில் லோகேஸ் போகலாம். அவன் எழுந்து நின்று, பழக்கத்தில், கேப்டனின் முகத்தைப் பார்த்தான். சந்தோஷப்படலாமா என்று அவனிடமே உத்தரவு கேட்பது போல இருந்தது. விஜேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போதுதான் அந்தப் பெடியன் அழ ஆரம்பித்தான்.

சாட்சிகளின் படிவத்தை நிரப்ப லிகிதர் லரீபா வாசலோரம் ஒரு மேசையைப் போட்டிருந்தார். புவனேந்திரன் முன்னால் நின்றான். வெளியே போக வழி இல்லாமல் விஜேந்திரனும் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

“சாட்சிக்கும் கேப்டனுக்கும் உறவு ஏதாவது இருந்தா இதுல எழுதணும்” என்றார் லரீபா, பேனாவைப் பிடித்தபடி.

புவனேந்திரன் வாயைத் திறந்தான். அதற்குள் பதில் வந்துவிட்டது.

“உறவு ஒண்ணும் இல்லீங்க” என்றான் விஜேந்திரன்.

லரீபா படிவத்தையும் கேப்டனின் பதிவுத் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் தகப்பன் பேர் மாடசாமின்னு இருக்கே?”

“எங்க தோட்டத்துல மாடசாமிங்க நெறையப் பேருங்க.”

லரீபா ‘இல்லை’ என்று எழுதிப் படிவத்தைத் திருப்பி வைத்தார். புவனேந்திரன் அதை முதலில் இருந்து கடைசி வரை வாசித்தான். திருத்தச் சொல்லவில்லை. பேனாவை வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.